கருகாத திரி

புதிதாக வேலைக்குச் சேரும் பெண்களிடம் நான் முதலில் பேசுவது காலணியைப் பற்றித்தான், ஐயா. சத்தம் போடாததாக, பின்பக்கம் மூடியதாக, ஒரு அளவு பெரியதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். மாலையில் கால் வீங்கும். கால் வலிக்கிற நர்ஸ் அவசரப்படுவாள், அவசரப்படுகிறவள் தவறு செய்வாள். அவர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். ஊசி, இரத்தம் என்று ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறேன் என்று நினைத்து வந்திருப்பார்கள். இந்த அம்மா செருப்புக் கடை வைக்கிறாளே என்று ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொள்வார்கள். கொஞ்ச நாளில் எல்லோரும் என் காலணி மாதிரியே வாங்கிப் போட்டுக்கொண்டு வருவார்கள்.

பிறகுதான் மற்றவை. நகத்தை வெட்டு. மோதிரத்தை வீட்டில் வை. நோயாளியின் பெயரை நீயே சொல்லி அவரைத் தலையாட்ட வைக்காதே, அவர் வாயால் சொல்லச் சொல். காது கேட்காத பெரியவர் எந்தப் பெயருக்கும் தலையாட்டுவார். இன்னொருத்தி ஊசியில் ஏற்றி வைத்த மருந்தை நீ போடாதே. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. பக்கத்தில் நிற்பவள் "மூடிட்டேன்" என்றோ "குடுத்துட்டேன்" என்றோ சொன்னால், அவள் உன் கூடப்பிறந்தவளாகவே இருந்தாலும் நம்பாதே. நீயே போய்க் கையால் தொட்டுப் பார். எங்கள் வார்டில் கெட்ட எண்ணத்தால் செத்தவர்கள் யாரும் இல்லை. இன்னொருத்தியின் வார்த்தையை நம்பியதால் செத்தவர்கள் உண்டு.

இதையெல்லாம் நீங்கள் கேட்கவில்லை, தெரியும். ஆனால் நான் எப்படிப்பட்ட நர்ஸ் என்று தெரியாமல் மற்றதை எழுதிக்கொண்டீர்களானால் தப்பாகப் போய்விடும்.

என் வக்கீல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறான். நல்ல பையன்தான். "களைப்பா இருந்தேன், தவறு நடந்துபோச்சுன்னு மட்டும் சொல்லுங்கம்மா, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்று காலையிலிருந்து கெஞ்சுகிறான். மருத்துவமனை விசாரணையும் அப்படித்தான் முடிந்தது. பத்திரிகையும் 'நர்ஸின் கவனக்குறைவு' என்றுதான் போட்டது. தெருவில் பார்க்கிறவர்கள் என் தோளைத் தட்டி, "மனுஷங்கதானே, யாருக்கும் நடக்கும்" என்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. அந்த அறையில் நான் ஒரு தவறும் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் நானாகவே உங்களிடம் வந்தேன்.

நீங்கள் தலைநகர் புகாரெஸ்டில் சட்டம் படித்தவர், வயதும் குறைவு. மெழுகுவர்த்தி விஷயத்தை எந்த அளவு நம்புவீர்களோ தெரியவில்லை. ஆனால் உங்கள் அம்மாவின் துணிப் பெட்டியிலும் ஒன்று சுற்றி வைத்திருக்கும், கேட்டுப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் ஆட்கள் சாவுக்குக்கூட அவ்வளவு பயப்படுவதில்லை. வெளிச்சமில்லாத சாவுக்குப் பயப்படுகிறார்கள். மூச்சு நிற்கிற நேரத்தில் கையில் எரிகிற மெழுகுவர்த்தி இருக்க வேண்டும். பிடிக்க வலு இல்லாவிட்டால் மகனோ மகளோ அந்தக் கையைத் தன் கையால் பொத்திப் பிடித்துக்கொள்வார்கள். அது இல்லாமல் போனால் அந்தப் பக்கம் போய் இருட்டில் தடவிக்கொண்டே திரிய வேண்டும் என்பார்கள். சந்தையில் இரண்டு பெண்கள் ஒரு கட்டு வெங்காயத்தாளுக்காகச் சண்டை போட்டு என்னென்னவோ கத்துவார்கள், சுற்றி நிற்பவர்கள் ரசிப்பார்கள். "நீ வெளிச்சமில்லாமத்தான்டி சாவ" என்று ஒருத்தி சொல்லிவிட்டால் மட்டும் ரசிப்பவர்கள் முகம் மாறிவிடும்.

வீட்டில் செத்த காலத்தில் இதில் சிக்கல் இல்லை. இப்போது எல்லோரும் எங்களிடம் வந்துதான் சாகிறார்கள், முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு. ஆக்சிஜன் பக்கத்தில் நெருப்பு ஆகாது. அது தானாக எரியாது, ஆனால் எரிகிற எதற்கும் வெறி பிடிக்க வைத்துவிடும். கம்பளியில், தலையணையில், தலைமுடியில் போய் ஊறிக்கொள்ளும். நர்ஸ் பள்ளியில் சேர்ந்ததுமே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

அதனால் நான் ஒரு முறை வைத்திருந்தேன். ஒருவர் போகப்போகிறார் என்பது எனக்குக் காதுமடலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். உறவினரை உள்ளே கூப்பிடுவேன். சுவரில் இருக்கும் ஆக்சிஜன் வால்வை மூடுவேன். அதற்குக் கீழே தண்ணீர்க் குப்பியில் வரும் குமிழிகள் நிற்கும் வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். மாஸ்க்கைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைப்பேன். கம்பளியைக் கால்மாட்டுக்கு மடித்து உதறிவிட்டு, பனி கொட்டினாலும் ஜன்னலைத் திறப்பேன். ஒரு ஜெபத்தைத் திரும்பத் திரும்ப நிதானமாகச் சொல்கிற நேரம் காத்திருப்பேன். அதன் பிறகுதான் தீக்குச்சி. இத்தனை வருடத்தில் ஒரு பொறிகூடத் தெறித்ததில்லை. அந்த நேரம் பார்த்து டாக்டர்களுக்குக் காபி தாகம் வந்துவிடும், எல்லோரும் கீழே போய்விடுவார்கள். சாவு நடந்த வீட்டிலிருந்து எனக்கு மட்டும் தனியாக ரொட்டியும் கோதுமைப் பொங்கலும் வரும்.

அப்போதெல்லாம் வால்வுப் பக்கம் நிற்பவள் ஸ்மரண்டா. "மூடிட்டேன்" என்பாள். நான் போய்த் தொட்டுப் பார்ப்பேன். "சாகுற வரைக்கும் என்னை நம்ப மாட்டியாடி நீ?" என்று கேட்டுச் சிரிப்பாள். ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை.

நர்ஸ் பள்ளி விடுதியில் இரண்டு பேரும் ஒரே அறை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு நல்ல குளிர்கோட்டு. யார் வெளியே போகிறார்களோ அவர்கள் போட்டுக்கொள்வோம். எனக்கு அப்பா இல்லை. என் கல்யாணத்தில் அப்பாவின் இடத்தில் நின்றவர் அவள் அப்பா இலாரியே. ரயில்வேயில் சிக்னல்காரராக இருந்தவர். அன்றைக்கு அவர் ஆடிய ஆட்டத்தில் ஷூவின் அடிப்பாகம் பிய்ந்துகொண்டு வந்தது, அதைக் கையில் பிடித்துக்கொண்டே ஆடினார். அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். வேலைக்கென்று இத்தாலி போன என் கணவர் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டார். அதைக்கூட நான் துரோகம் என்று சொன்னதில்லை, அவர் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். பிறகு எனக்கு மிஞ்சியது அம்மாவும் ஸ்மரண்டாவும்.

போன இலையுதிர் காலத்தில் அம்மாவுக்கு நுரையீரல் கெட்டுப்போய், எங்கள் வார்டிலேயே சேர்த்தேன். ஜன்னலோரப் படுக்கை. ஈஸ்டர் ஆராதனையில் பிடித்த மெழுகுவர்த்தியைக் கைக்குட்டையில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். மாஸ்க்கை விலக்கிவிட்டு விலக்கிவிட்டுப் பேசுவாள்.

"டோம்னிகா, என்னை இருட்டுல அனுப்பிடாதடி."

"அனுப்புவனா அம்மா?"

"ஊருக்கெல்லாம் ஏத்தி வைக்கிற. கடைசில பெத்தவளை மறந்துடுவ. உனக்குத் தூக்கம்தான் பெருசு, சின்னதுலேருந்தே."

அம்மாவின் பேச்சு அப்படித்தான் இருக்கும். நான் மாஸ்க்கைச் சரிசெய்துவிடுவேன்.

வேலை நேரம் முடிந்ததும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், பல நாள். ஒரு காலை ஸ்மரண்டா வேலைக்கு வந்தவள் என்னைப் பார்த்து, "மூஞ்சியப் பாரு, பேய் அறைஞ்ச மாதிரி. போ, போய்க் கொஞ்சம் படு. அம்மாவை நான் பாத்துக்கறேன். ஏதாவதுன்னா உடனே கூப்பிடுறேன்" என்றாள். நான் தயங்கினேன். "எங்கப்பா மேல சத்தியமாக் கூப்பிடுறேன், போதுமா?" என்றாள். சத்தியம் செய் என்று நான் கேட்கவில்லை. அவளாகத்தான் செய்தாள், அப்பா மேல். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

என் வீடு மருத்துவமனைக்குப் பின்னால், துணி உலர்த்தும் முற்றத்தைத் தாண்டினால் வந்துவிடும். போய்ப் படுத்தேன். பிற்பகலில் எழுந்து வந்தபோது ஜன்னல் திறந்திருந்தது, மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். ஸ்மரண்டா நடைபாதையில் எனக்காகக் காத்திருந்தாள். கைக்குட்டையை என் கையில் வைத்தாள். பிரித்துப் பார்த்தேன். மெழுகுவர்த்தி எடுத்து வைத்தபடியே இருந்தது. திரி வெள்ளையாக, கருகாமல் இருந்தது.

"நேரமே கிடைக்கலடி நிகா. திடீர்னு திணற ஆரம்பிச்சுட்டாங்க. உன்னைக் கூப்பிடக்கூட முடியல. மன்னிச்சுடு."

"இதை ஏன் ஏத்தல?"

"எப்படி ஏத்துவேன்? ஆக்சிஜன் முழுசா ஓடிட்டு இருந்துச்சு, அதுவே அவங்களுக்குப் பத்தல. வாயைத் திறந்து திறந்து மூடுறாங்க. அதைப் போய் என் கையால மூடுன்னா? எனக்குக் கை வரலடி. கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தேன். கடைசி வரைக்கும் விடல."

நான் சரி என்றேன். காபி போட்டு இரண்டு பேரும் குடித்தோம். அவள் கண் வீங்கியிருந்தது. என் தோளில் சாய்ந்து அழுதாள், நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

உள்ளுக்குள் என்ன நடந்தது என்று கேட்டால் சொல்கிறேன். நெஞ்சில் யாரோ கொதிக்கிற எண்ணெயை ஊற்றியது போல இருந்தது. குடித்துவிட்டுத் தண்டவாளத்தில் விழுந்தவனுக்கு அவள் வால்வை மூடியிருக்கிறாள். பெற்ற பிள்ளைகளைத் தெருவில் விட்டு ஓடியவளுக்கு மூடியிருக்கிறாள். என் அம்மாவுக்கு மட்டும் கை வரவில்லையாம். ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு வளர்ந்தவள், என் அம்மாவை இருட்டுக்குள் தள்ளிவிட்டு வந்து என் தோளிலேயே அழுகிறாள். வேறு யார் செய்திருந்தாலும் தாங்கியிருப்பேன்.

அந்தக் குளிர்காலத்தில் அவளை ஹெட் நர்ஸ் ஆக்கினார்கள். வந்ததும் முதல் வேலையாக, வார்டில் இனி எந்தப் படுக்கையிலும் நெருப்பு கூடாது, மெழுகுவர்த்தி ஏற்றுவதானால் முற்றத்துக் கோவிலில் ஏற்றட்டும் என்றாள். "உங்கம்மாவுக்கு அப்புறம் எனக்குத் தூக்கமே வர்றதில்லடி. உன் கை சுத்தம், ஒத்துக்கறேன். நீ இல்லாதப்ப வேற எவளாவது பண்ணி விபரீதம் ஆயிட்டா?" என்றாள். நியாயமாகத்தான் பேசினாள். எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. அம்மா போன அன்றைக்கே அவள் மனதில் அந்த ஹெட் நர்ஸ் நாற்காலி இருந்திருக்கிறது. பேர் கெட்டுவிடக் கூடாதே என்று வால்வைத் தொடவில்லை. என் முறையை நிறுத்திக்கொண்டேன். நடைபாதையில் மெழுகுவர்த்தியோடு நிற்பவர்களைக் கோவிலுக்கு அனுப்பிவைத்தேன்.

எங்கள் கோவிலில் மணல் நிரப்பிய இரண்டு தட்டுகள் உண்டு, உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒன்றில் உயிரோடு இருப்பவர்களுக்கு ஏற்றுவோம், இன்னொன்றில் போய்ச் சேர்ந்தவர்களுக்கு. சனிக்கிழமைகளில் அம்மாவுக்கு ஒன்று ஏற்றுவேன். ஸ்மரண்டாவின் பெயருக்கு உயிரோடு இருப்பவர்கள் தட்டில் ஒன்று, அது பள்ளிக் காலத்திலிருந்தே பழக்கம். ஒரு சனிக்கிழமை அதை அம்மாவின் மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் செருகினேன். கை தவறிச் செருகினேன் என்று நினைக்க வேண்டாம், என் கை தவறாது. அங்கே அது எரிவதைப் பார்த்ததும் பல மாதமாக இல்லாத ஒரு நிம்மதி வந்தது. வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன். அதற்கப்புறம் எல்லாச் சனிக்கிழமையும் அங்கேயே ஏற்றினேன்.

வாரநாட்களில் வழக்கம் போல இருந்தோம். அவள் முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய சர்மாலே கொண்டுவந்து என் தட்டில் வைப்பாள். "எலும்பும் தோலுமா ஆயிட்ட. தின்னுடி" என்பாள். தின்பேன். நன்றாகச் சமைப்பாள்.

பிளம் மரங்கள் பூத்த சமயத்தில் இலாரியே மாமாவைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இருதயமும் போய், நுரையீரலில் நீரும் கோத்திருந்தது. ஜன்னலோரப் படுக்கை காலியாக இருந்ததால் அங்கே போட்டோம். அது தற்செயல், அதில் என் பங்கு எதுவும் இல்லை. அவரைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன். முகம் மழித்துவிட்டேன், கரண்டியால் ஊட்டினேன், முதுகில் புண் வராமல் புரட்டிப் போட்டேன். வேறு எந்த நர்ஸும் அவ்வளவு செய்திருக்க மாட்டாள் என்று அவரே வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் எனக்கு எந்தக் காலத்திலும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதை நான் மறைக்கவில்லை.

"நிகா," என்றார் ஒரு நாள், மாஸ்க்குக்கு உள்ளிருந்தே. "இங்க மெழுகுவர்த்தி ஏத்தக் கூடாதுன்னு புது ஹெட் நர்ஸ் சட்டம் போட்டிருக்காளாமே. ரொம்பக் கறாரான பொம்பளையாமே."

"உங்க வளர்ப்புதான் மாமா."

"வளத்தது என் தப்புதான். ஆனா கேளு. வாழ்நாள் பூரா, வண்டி கிளம்புற நேரத்துல கையில விளக்கில்லாம நான் நின்னதே இல்ல. கடைசி வண்டிக்கு மட்டும் வெறுங்கையோட நிக்கச் சொல்றாளே."

சிரித்தார். சிரித்ததில் மூச்சு வாங்கி, நான் நெஞ்சைத் தடவிவிட வேண்டியதாயிற்று.

அதற்கு மறுநாள் ஸ்மரண்டா என்னைத் துணி அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"ஒண்ணு கேப்பேன். செருப்பால அடிக்க மாட்டியே?"

"கேளு."

"அப்பாவுக்கு... உன் முறையில... ஒரே ஒரு தடவை."

"நீதானே கூடாதுன்ன."

"நான்தான். எனக்கு வெக்கமாத்தான் இருக்கு. ஆனா தினமும் கேக்குறாரு. சிரிச்சுக்கிட்டே கேக்குறாரு, அதுதான் தாங்க முடியல."

"சரி, செய்யலாம்" என்றேன்.

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். "உங்கம்மாவுக்கு நான் பண்ணாததை எங்கப்பாவுக்கு நீ பண்றியே" என்றாள். அவள் வாயாலேயே சொன்னாள், ஐயா. அவள் கேட்காமல் இருந்திருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. என் அம்மாவுக்கு ஒரு நியாயம், தன் அப்பாவுக்கு ஒரு நியாயம் என்று வந்து நின்றது அவள்.

அந்த நாள் ஒரு சனிக்கிழமை. நல்ல வெயில். முற்பகலில் மாமாவின் காதுமடல் நிறம் மாறுவதைப் பார்த்தேன். அவளுக்குச் சொல்லியனுப்பினேன், உடனே சொல்லியனுப்பினேன். நான் செய்கிறேன் என்று சொன்னால் செய்கிறவள். பக்கத்துப் படுக்கையில் ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார், அவரைப் படுக்கையோடு தள்ளிக்கொண்டு போய் நடைபாதைக் கோடியில் வெயிலில் விட்டேன். அபாயமான வேலை நடக்கும்போது சம்பந்தமில்லாத நோயாளியைப் பக்கத்தில் வைத்திருப்பது ஒரு நர்ஸ் செய்யக் கூடாத தவறு. தீயணைப்பானைக் கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் வைத்தேன். இரண்டு விரிப்புகளை நனைத்துப் பிழிந்து வாளியில் போட்டேன். ஜன்னலைச் சாத்தினேன்.

பிறகு மாமாவின் மாஸ்க்கைக் கழற்றி அவர் நெஞ்சின் மேல் வைத்து, கம்பளியைத் தொண்டை வரை இழுத்துப் போர்த்தினேன். வால்வைத் தொடவில்லை. தண்ணீர்க் குப்பி குமிழியிட்டுக்கொண்டிருந்தது, அதன் மேல் ஒரு துண்டைப் போட்டேன். மாமாவுக்கு லேசாக நினைவிருந்தது. "குளிருதா மாமா?" என்றேன். இல்லை என்பது போலக் கண்ணை மூடித் திறந்தார்.

ஸ்மரண்டா சீருடையில் வரவில்லை, கோவிலுக்குப் போகிற நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தாள். நேராகப் படுக்கைக்குப் போய் அப்பாவின் முகத்தையே பார்த்தாள். என்னைப் போலவே நரைக்கிற வரை இந்த வேலையைப் பார்த்தவள் அவள். கம்பளி எங்கே இருக்க வேண்டும், ஜன்னல் எப்படி இருக்க வேண்டும், எல்லாம் தெரிந்தவள். ஒன்றையும் பார்க்கவில்லை. சொந்த மனுஷர் கிடக்கும்போது நர்ஸ் நர்ஸாக இருக்க மாட்டாள் என்று நான் பெண்களுக்குச் சொல்வதுண்டு.

"மூடிட்டியா நிகா?"

"மூடிட்டேன்."

நான் அவளுக்கு நேரம் கொடுத்தேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். தலையைக் கொஞ்சம் திருப்பியிருந்தால் அந்தத் துண்டு கண்ணில் பட்டிருக்கும். கை நீட்டினால் வால்வு. எத்தனையோ தடவை அவள் மூடியதை அவள் கண்ணெதிரே நான் போய்த் தொட்டுப் பார்த்திருக்கிறேன், அதைப் பார்த்தாவது கற்றுக்கொண்டிருக்கலாம். அவள் திரும்பவில்லை. மெழுகுவர்த்தியை அப்பாவின் விரல்களுக்குள் வைத்து, தன் கையால் பொத்தி, குனிந்து, மற்றக் கையால் தீக்குச்சியைப் பெட்டியில் உரசினாள். நான் வாசலுக்கு வந்துவிட்டேன்.

வெளிச்சம் வந்தது. அவ்வளவு வெளிச்சத்தை நான் எந்தப் படுக்கையிலும் பார்த்ததில்லை. மாமா கண்ணைத் திறந்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அதன் பிறகு நான் செய்த எல்லாவற்றையும் நீங்கள் பாராட்டித்தான் ஆக வேண்டும். முதலில் வால்வு, பிறகு தீயணைப்பான், பிறகு ஈர விரிப்பு. நெருப்பு அந்தப் படுக்கையைத் தாண்டவில்லை. ஸ்மரண்டாவின் கைகளையும் முகத்தையும் தண்ணீரில் நனைத்துக்கொண்டே இருந்தேன், மேலே எதையும் பூசவிடவில்லை. ஆயா ஒலிம்பியா வெண்ணெயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள், அதட்டி அனுப்பினேன். தீக்காயத்தில் வெண்ணெய் தடவுவது பெரிய தவறு. டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னிடம், "நீங்க இல்லாட்டி இவங்க பிழைச்சிருக்க மாட்டாங்க" என்றார். மாமா அன்று எப்படியும் போகவேண்டியவர். வெளிச்சத்தோடு போனார். ஸ்மரண்டாவுக்குக் கண்கள் இரண்டும் போய்விட்டன. அதை நான் திட்டமிடவில்லை. ஆனால் கேள்விப்பட்டபோது, அம்மா இருக்கிற இடம் எப்படி இருக்கும் என்று இவளுக்கு இனிமேல் தெரியும் என்று தோன்றியது.

இதோடு நான் பேசாமல் இருந்திருப்பேன். அவள்தான் விடவில்லை. விசாரணைக்கு வந்தவர்களிடம் கட்டுகளுக்குள்ளிருந்து, "நிகா மேல தப்பில்ல. ரெண்டு ஷிப்டு சேத்துப் பாத்திருந்தா, களைச்சுப் போயிருந்தா. நான்தான் கட்டாயப்படுத்தினேன். நான் தொட்டுப் பாத்திருக்கணும்" என்றாளாம். ஏதோ நல்ல செய்தி போல ஓடிவந்து என்னிடம் சொன்னார்கள். வாழ்நாளெல்லாம் கூட நின்று என் வேலையைப் பார்த்தவள், வால்வை மூட மறக்கிறவள் நான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். இரண்டாவது தடவையாக முதுகில் குத்தினாள்.

போய்ப் பார்த்தேன். காலடிச் சத்தம் கேட்காத காலணிதான், இருந்தும் கண்டுபிடித்துவிட்டாள்.

"நிகாவா? சாப்பிட்டியாடி?"

"ஸ்மரண்டா, நான் மறக்கல."

"தெரியும்டி. யாராவது வேணும்னா பண்ணுவாங்க? நீ அதையே நினைச்சு உடம்பக் கெடுத்துக்காத."

"மறக்கலன்னு சொல்றேன்."

"சரி, சரி. இப்படி வந்து உக்காரு" என்று கட்டுப் போட்ட கையால் காற்றில் என்னைத் தேடினாள். என்ன சொன்னாலும் அவள் மண்டையில் ஏறவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்தேன். மறதி இல்லை, களைப்பு இல்லை, கவனக்குறைவு இல்லை. வால்வைத் திறந்து வைத்தேன், மூடிவிட்டேன் என்று சொன்னேன். அப்படியே எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒலிம்பியா என்ன சொன்னாள் என்கிறீர்களா. அவள் வாய் சும்மா இருக்காது. அம்மா போன அன்று ஸ்மரண்டா ஒரு கையில் அம்மாவையும் மறுகையில் போனையும் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாளாம். எடுக்கவில்லை என்றதும் ஒலிம்பியாவை முற்றத்தைத் தாண்டி ஓடவிட்டாளாம். அவள் என் வீட்டுக் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாளாம். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். "இதை நிகாகிட்ட என்னைக்கும் சொல்லிடாத, அது அவளைக் காலம் பூரா அரிச்சுத் தின்னுடும். நான் கூப்பிடலைன்னே இருக்கட்டும்" என்று ஸ்மரண்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாளாம்.

இருக்கலாம். போனின் சத்தத்தை நான் நிறுத்தித்தான் வைத்திருந்தேன். பல நாள் தூங்காதவள் தூங்க வேண்டும், தூக்கமில்லாமல் வார்டுக்குள் நுழைவது தவறு. கதவு தட்டுவதும் கேட்டது. என் பெயரைச் சொல்லித் தட்டினார்கள். போர்வையை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. எழுந்த பிறகு போனை எடுத்துப் பார்த்தேன், அவள் பெயர் வரிசையாக இருந்தது. பைக்குள் போட்டுக்கொண்டு முற்றத்தைத் தாண்டினேன்.

ஆனால் அவள் என் முகத்துக்கு நேரே, "உன்னைக் கூப்பிடக்கூட முடியல" என்று சொன்னாள், ஐயா. அவளே சொன்னாள். போன் என் பைக்குள்தான் இருந்தது, நான் மறுபடி எடுத்துச் சரிபார்க்கவில்லை, அவள் வார்த்தையை அப்படியே நம்பிவிட்டேன். இத்தனை வருடத்தில் நான் செய்த தவறு என்றால் அது ஒன்றுதான்.